சான்றிதழில் ஒரு மதம், சுவரில் ஒரு சிலுவை: மோசடி யாருடையது?

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் வட மாவட்டம் ஒன்றின் சேரியிலிருந்து ஒரு தாயும் மகளும் என் அலுவலகத்திற்கு வந்தனர். மகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரி இ-சேவை மையம் வழியாக அளித்த விண்ணப்பம் வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றுபோயிருந்தது. 'இது கிறித்தவக் குடும்பம்' என்று யாரோ ஒரு மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

குடும்பத்தின் கதை எளியது. தந்தை இந்துவாக வாழ்ந்து இந்துவாகவே இறந்தவர். மூத்த மகனுக்கு எந்தத் தடையும் இன்றிச் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. தாய் மட்டும், ஒரு குழந்தையைப் பறிகொடுத்த துயரத்தில் ஊரோரத்து ஜெபக்கூடத்திற்குப் போகத் தொடங்கி, பின்னர் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார். மகள் பெறவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தாயுடன் போவாள். ஆடி மாதத்தில் அத்தை வீட்டுக்குக் கூழ் ஊற்றவும் போவாள். சட்டப்படி மகளின் கோரிக்கையில் பழுது எதுவும் இல்லை. மேல்முறையீட்டுக்கான விவரங்களைக் குறித்துக்கொள்ள அரைமணி நேரம் போதுமானதாக இருந்தது.

புறப்படும்போது கதவைப் பிடித்தபடி நின்ற அந்தத் தாய் வேறொன்றைக் கேட்டார். “வக்கீலம்மா, ஆபீசரு வர்றாருன்னு செவுத்துல இருந்த சிலுவைய எறக்கி அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டேன். பேதுரு செஞ்ச மாதிரிதானே இதுவும்?”

பேதுருவின் கதையை அறியாத தோழர்களுக்காக: இயேசு கைது செய்யப்பட்ட இரவில், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவை 'நீ அவனோடு இருந்தவன்தானே' என்று கேட்கிறார்கள். சேவல் கூவுவதற்குள் மூன்று முறை 'எனக்கு அவரைத் தெரியாது' என்கிறார். அவரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய கலிலேயப் பேச்சு என்று மத்தேயு எழுதுகிறார். ஊரும் வழக்குமொழியும் ஒருவரை அடையாளப்படுத்திவிடும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று.

அந்தத் தாயின் கேள்விக்கு என்னிடம் உடனடி விடை இல்லை. நம்பிக்கை, ஐயம், இறையியல் ஆகியவற்றை மனிதர்கள் ஓய்வுநேரத்தில் சிந்திக்கும் பொருள்களாகக் கருதும் பழக்கம் படித்தவர்களிடையே உண்டு. ஒரு தலித் கிறித்தவப் பெண்ணுக்கு அவை வருவாய்த்துறையின் விசாரணைப் படிவத்தில் வந்து நிற்கின்றன. 'கடவுள் இருக்கிறாரா' என்ற ஐயம் அவருக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. 'அவரை இல்லையென்று சொல்லும்படி என்னைக் கட்டாயப்படுத்தும் அரசின் முன் நான் என்ன செய்ய வேண்டும்' என்பதே அவருடைய இறையியல் கேள்வி. அக்கேள்வியை அவர்மேல் சுமத்தியது யார் என்பதைப் பேசவே இக்கட்டுரை.

மூன்றாம் பத்தி

1950 ஆகஸ்டு 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்திலிருந்து வேறுபட்ட மதத்தைப் பின்பற்றுவதாக அறிவித்துக்கொள்ளும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் வெளியிலேயே உள்ளனர். பழங்குடியினருக்கு இத்தகைய மத நிபந்தனை எதுவும் இல்லை. நாகாலாந்திலோ மேகாலயாவிலோ ஒரு பழங்குடிக் கிறித்தவர் தம் சிலுவையை அரிசிப் பானைக்குள் ஒளிக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்திற்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டிலிருந்து, நிலமும் கடையும் சங்கமும் உள்ள சாதிகளோடு போட்டியிட வேண்டிய 26.5 விழுக்காட்டுக்கு நகர்த்தப்படுகிறார்கள். இழப்பு இடஒதுக்கீட்டோடு முடிவதில்லை. தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமை போகிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் போகிறது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், போதகர் ஒருவர் தம்மைச் சாதி சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாகத் தொடுத்த வழக்கில், அவர் கிறித்தவத்திற்கு மாறிவிட்டதால் அச்சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று கூறி வழக்கை இரத்து செய்தது. அவரிடம் இரத்து செய்யப்படாத சாதிச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை. திட்டுகிறவன் மதம் பார்த்துத் திட்டுவதில்லை. திட்டப்பட்டவரின் மதத்தைச் சட்டம் பார்க்கிறது.

இச்சூழலில்தான் இரண்டு பெயர் வாழ்க்கை உருவாகிறது. எங்கள் ஆயாவுக்குத் திருச்சபைப் பதிவேட்டில் மரியம் என்று பெயர். குடும்ப அட்டையில் மாரியம்மாள். நான் பள்ளியில் சேர்ந்தபோது எனக்கும் ஒரு பெயர் வீட்டுக்கும் ஒரு பெயர் ஏட்டுக்குமாக அமைந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இதே நிலை. யாரும் இதை மோசடி என்று நினைத்ததில்லை. மழைக்குக் குடை பிடிப்பது மோசடியா?

நீதிமன்றம் உள்ளத்தைப் படிக்கும்போது

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மோசடி என்றே சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கு அது. தந்தை வள்ளுவன் சாதியைச் சேர்ந்த இந்து. தாய் கிறித்தவர், மணத்திற்குப் பின் இந்துவாகிவிட்டார் என்பது அப்பெண்ணின் தரப்பு. அவர் திருமுழுக்கு பெற்றிருக்கிறார், தேவாலயத்திற்குத் தவறாமல் செல்கிறார், மீண்டும் இந்துவானதற்குச் சடங்கோ அறிவிப்போ சான்றாக இல்லை என்று கண்ட நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை மறுத்தது. உண்மையான நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசமைப்பின்மீது செய்யும் மோசடி என்றும் கூறியது.

தீர்ப்பின் முடிவை, மூன்றாம் பத்தி உயிரோடிருக்கும்வரை, சட்டத்தின் தர்க்கத்தில் எதிர்பார்க்கக்கூடியது என்றே ஒரு வழக்கறிஞராக நான் சொல்வேன். என்னை உறுத்துவது அதனுள் இருக்கும் 'உண்மையான நம்பிக்கை' என்ற சொற்சேர்க்கை. ஒருவருடைய நம்பிக்கை உண்மையானதா என்று அறியும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு எங்கிருந்து வந்தது? 1964இல் பஞ்சாப்ராவ் எதிர் மேஷ்ராம் வழக்கில் அரசமைப்பு அமர்வு வேறொரு கோட்டை வரைந்திருந்தது. நாக்பூரில் அண்ணலின் வழியில் பௌத்தம் தழுவியவர் தனித்தொகுதியில் போட்டியிட முடியுமா என்பது அன்றைய சிக்கல்; அப்போது பௌத்தர்கள் பட்டியலில் இல்லை. ஆணையில் உள்ள சொல், ஒருவர் தம் மதத்தை வெளிப்படையாக அறிவித்துக்கொள்வதைக் குறிக்கிறது என்றது நீதிமன்றம். அந்த முடிவும் நம்மவர் ஒருவருக்கு எதிராகப் போனதுதான். எனினும் அளவுகோல் புறத்தே இருந்தது: பலர் அறிய என்ன சொன்னாய்? இன்று அளவுகோல் உள்ளே நுழைந்துவிட்டது: மனத்தில் என்ன வைத்திருக்கிறாய்?

2015இல் கே.பி.மனு வழக்கில் தாய்மதம் திரும்புவோருக்கு உச்ச நீதிமன்றம் மூன்று நிபந்தனைகளை விதித்தது. மூதாதையர் அச்சாதியினர் என்பதற்குச் சான்று, திரும்பியதற்குச் சான்று, அச்சாதிச் சமூகம் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று. கேரளத்தைச் சேர்ந்த அந்த மனுதாரர் மூன்றையும் மெய்ப்பித்து வென்றார். ஆனால் மூன்றாவது நிபந்தனையைச் சற்று நின்று பாருங்கள். ஒருவருடைய குடிமை உரிமைக்குச் சாதிக்கூட்டம் கையொப்பமிட வேண்டும். சாதியை ஒழிக்க வந்த அரசமைப்பின் கீழ் சாதிப் பஞ்சாயத்துக்குக் கிடைத்த அதிகாரம் இது.

இன்னொரு முரணையும் நம் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கடவுள் இல்லை என்று மேடையில் முழங்கும் ஒரு பெரியாரியத் தோழரின் பட்டியல் சாதிச் சான்றிதழ் பறிபோவதில்லை, பறிபோகவும் கூடாது. கோயிலுக்கே போகாத தலித் இந்துவை 'நீ உண்மையில் நம்புகிறாயா' என்று எந்த வட்டாட்சியரும் கேட்பதில்லை. நம்பிக்கையின்மையைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. குறிப்பிட்ட ஒரு நம்பிக்கையை மட்டும் அது தண்டிக்கிறது. அரசமைப்பின் 25ஆம் உறுப்பு மனச்சான்றின் விடுதலையை உறுதிசெய்கிறது என்றால், பாதி நம்புவதும், ஐயுறுவதும், இரண்டு வாசல்களிலும் நிற்பதும் அந்த விடுதலைக்குள் அடங்கும். என் கட்சிக்காரரின் மகள் ஆடிக் கூழும் ஞாயிறு ஜெபமுமாக வாழ்வதை எந்தப் படிவம் புரிந்துகொள்ளும்? வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்துபோய் மொட்டையடித்துக்கொள்ளும் ஆயிரமாயிரம் பேரை எந்தக் கட்டத்தில் அடைப்பது? ஒரே மதம், முழு நம்பிக்கை, எழுத்துச் சான்று என்ற நீதிமன்றத்தின் கற்பனையில் இருப்பது உண்மையில் ஐரோப்பியச் சீர்திருத்தத் திருச்சபையின் மனிதர். நம் தெருவின் மனிதர் அப்படி இல்லை.

பங்க் கடையும் சபையின் வாக்கியமும்

சாலையோரம் செருப்புத் தைத்தவர் சூசை. சென்னையில் அவ்வாறு தொழில் செய்த பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு இலவசமாகச் சிறு பங்க் கடைகளை வழங்கியது. ஆதிதிராவிடராகப் பிறந்து கிறித்தவரான சூசைக்கு அது மறுக்கப்பட்டது. அதே தெரு, அதே தோல், அதே ஊசி. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு நிழல், இவருக்கு வெயில். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1985 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, இந்துச் சமூகத்தில் இருந்த அதே கொடுமையுடன் கிறித்தவச் சமூகத்திலும் இழிநிலை தொடர்கிறது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றது. அதற்கான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தது.

ஆதாரம் எங்கே இருந்தது? சபைகளின் கல்லறைகளில் இருந்தது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித் பிணங்களையும் சாதிக் கிறித்தவர்களின் பிணங்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் கட்டிய சுவர் அது. எழும்போதும் தனித்தனியாக எழ வேண்டும் என்று எண்ணினார்களோ என்னவோ. இறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். 2008 மார்ச்சில் அங்கு வன்னியக் கிறித்தவர்கள் அவர்கள்மீது தாக்குதல் நடத்தினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே திருப்பலி, ஒரே அப்பம், ஒரே மாதா. ஆனால் சவ ஊர்வலத்துக்குத் தனிப் பாதை. 2025இலும் திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தின் தலித் கத்தோலிக்கர்கள் தங்கள் பங்கில் நிலவும் பாகுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இது நேற்று முளைத்ததும் அன்று. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் வெள்ளாளக் கிறித்தவர்கள் கிளர்ந்தெழுந்தனர். திருவிருந்தில் ஒரே கிண்ணத்தில் குடிப்பது அவர்களுக்கு விசுவாசத்தைவிடப் பெரிய சோதனையாக இருந்தது.

இத்தனையையும் வைத்துக்கொண்டு சபைத் தலைமைகள் நீண்ட காலம் மேடையில் சொல்லிவந்த வாக்கியம் ஒன்றுண்டு: கிறித்தவத்தில் சாதி இல்லை. இறையியலாக அது சரியான வாக்கியம். கிறித்துவுக்குள் யூதன் என்றும் கிரேக்கன் என்றும் வேறுபாடு இல்லை என்று பவுல் எழுதியதன் பொருள் அதுதான். நடைமுறைச் செய்தியாக அது பொய். இந்தப் பொய்யின் விலையைச் சபை கொடுக்கவில்லை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பதிலுரை, கிறித்தவ, இஸ்லாமியச் சமூகங்களில் அத்தகைய ஒடுக்குமுறை இருந்ததில்லை என்ற வரலாற்றுத் தரவின் அடிப்படையிலேயே 1950 ஆணை அமைந்தது என்றது. மூன்றாம் பத்தியை நீக்கி மதச்சார்பற்ற வரையறை வேண்டும் என்று 2007இல் பரிந்துரைத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கையைப் பிழையானது என்று ஒதுக்கியது. போதகர் பிரசங்க மேடையில் பெருமையோடு சொன்னதை அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வசதியாகச் சொல்கிறார். இருவருக்கும் இடையில் சூசை வெயிலில் அமர்ந்திருக்கிறார்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும்: இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டும் முக்கியமானவை. ஆனால் பாவ அறிக்கை செய்பவர் பரிகாரமும் செய்ய வேண்டும் என்பது அவர்களே கற்பிக்கும் ஒழுங்கு. சபைகள் நடத்தும் கல்லூரிகளின் ஆசிரியர் பணியிடங்களில் தலித் கிறித்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடுவதிலிருந்து பரிகாரத்தைத் தொடங்கலாம்.

உலைப்பானையின் இறையியல்

சேரிகளிலிருந்து குருமடங்களுக்குச் சென்றவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1981இல் அரவிந்த் நிர்மல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியலின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். பின்னர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அவர் அத்துறையை வளர்த்தார். அதுவரை இந்தியக் கிறித்தவ இறையியல் என்றால் வேதாந்தத்தோடு உரையாடுவது என்று இருந்தது. பார்ப்பன மதம் மாறியவர்களின் அனுபவமே இந்திய அனுபவமாகக் காட்டப்பட்டது. கிறித்தவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகளாக இருக்க, அவர்களின் துன்பம் ஏன் இறையியலின் ஊற்றாகவில்லை என்று நிர்மல் கேட்டார். ஊழியம் செய்பவர், பிறர் காலைக் கழுவுபவர், ஊருக்கு வெளியே கொல்லப்பட்டவர் என்ற வகையில் கடவுளே தலித்தாக இருக்கிறார் என்பது அவர் சென்றடைந்த இடம்.

மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று அறியப்பட்டவர், இதைப் பாட்டாகவும் சாப்பாடாகவும் மாற்றினார். கர்நாடக இசைக் கீர்த்தனையும் மேற்கத்திய ஞானப்பாட்டும் ஆண்ட வழிபாட்டில் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கொண்டுவந்தார். ஒரே உலையில் எல்லோரும் கொண்டுவந்ததைப் போட்டு ஆக்கி ஒன்றாக உண்பதே திருவிருந்து என்பது அவருடைய சிந்தனையின் மையம். 1833இன் கிண்ணச் சண்டையை நினைத்துப் பார்த்தால் அந்த உலைப்பானையின் கனம் விளங்கும். எங்கள் ஊரில் சாவு வீட்டுப் பறையைச் சபைக்குள் அனுமதிக்கலாமா என்று நம்மவர்களே எதிர்த்து நின்றதும் எனக்கு நினைவிருக்கிறது. இழிவின் அடையாளத்தை விட்டு ஓடி வந்த இடத்தில் அது மீண்டும் ஒலிப்பதை அவர்களால் தாங்க முடியவில்லை. அந்தத் தயக்கத்தையும் நான் மதிக்கிறேன்.

தலித் இறையியலின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அது குருமட நூலகங்களில் தங்கிவிட்டது. என் கட்சிக்காரரின் ஜெபக்கூடத்தில் நிர்மலின் பெயரைக் கேட்டவர் எவரும் இருக்க மாட்டார்கள். அங்கு கற்பிக்கப்படுவது, மனிதர் முன்பாக என்னை மறுதலிப்பவனை நானும் மறுதலிப்பேன் என்று இயேசு எச்சரித்தார் என்பது மட்டும். அந்த எச்சரிக்கையும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையும் சேர்ந்து ஒரு பெண்ணை நெரிக்கும்போது, அவர் பக்கத்தில் நின்று பேசும் இறையியல் எங்கே?

எங்கள் ஆயாவிடம் அது இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். சட்டக் கல்லூரியில் சேர்ந்த புதிதில், இரண்டு பெயர் வைத்துக்கொள்வது குற்றமாகத் தோன்றவில்லையா என்று அவரிடம் திமிரோடு கேட்டேன். அவர் நாகமான் கதையைச் சொன்னார். சீரியா நாட்டுப் படைத்தலைவன் நாகமானுக்குத் தொழுநோய். எலிசா சொன்னபடி யோர்தானில் ஏழு முறை மூழ்கிக் குணமடைகிறான். இனி இஸ்ரவேலின் கடவுளை மட்டுமே வணங்குவேன் என்று உறுதி சொல்லிவிட்டு ஒரு விதிவிலக்குக் கேட்கிறான். தன் அரசன் ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது தன் கையில் சாய்ந்துகொள்வான். அப்போது தானும் குனிய வேண்டிவரும். அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும். தீர்க்கதரிசி அவனைத் திட்டவில்லை. சமாதானத்தோடே போய்வரச் சொன்னார். “ராசா கை மேல சாஞ்சா சேவகன் குனியாம என்னா பண்ணுவான்?” என்று கேட்டுவிட்டு ஆயா வெற்றிலை மடிக்கப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, அரிசிப் பானைச் சிலுவையைப் பற்றி என்னிடம் கேட்ட தாய்க்கு நான் இந்தக் கதையைத்தான் சொன்னேன். சட்ட ஆலோசனைக் கட்டணத்தில் அது சேராது. அவர் முழுதாக ஆறுதல் அடைந்தார் என்று சொல்ல மாட்டேன். நாகமான் படைத்தலைவன், தான் கூலிக்காரி என்றார். அவனுக்கு விலக்குக் கேட்கத் துணிவிருந்தது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பதினெட்டு விழுக்காட்டின் அச்சம்

நம் இயக்கங்களுக்குள் பேசத் தயங்கும் ஒரு செய்தி இருக்கிறது. தலித் கிறித்தவர்களைப் பட்டியலில் சேர்த்தால் ஏற்கெனவே போதாத 18 விழுக்காட்டைப் பங்கிட வேண்டும், மிஷன் பள்ளிகளில் முன்னரே படித்தவர்கள் முந்திக்கொள்வார்கள் என்று இந்து தலித் தோழர்கள் அஞ்சுகிறார்கள். அதை மதவாதிகளின் தூண்டுதல் என்று ஒதுக்குவது நேர்மையன்று. சில பகுதிகளில் மிஷன் கல்வி ஒரு தலைமுறையை முன்னகர்த்தியிருக்கிறது என்பது உண்மை. அதே சேரியில் ஜெபக்கூடத்துத் தரையில் அமர்ந்திருக்கும் செங்கல் சூளைத் தொழிலாளிக்கு அந்தக் கல்வி எட்டவில்லை என்பதும் உண்மை.

2007இல் தமிழக அரசு கிறித்தவர்களுக்கு எனத் தனியாக 3.5 விழுக்காடு அளித்தது. அது பயனளிக்கவில்லை என்று கிறித்தவத் தரப்பே கேட்டுக்கொண்டதால் அடுத்த ஆண்டே விலக்கிக்கொள்ளப்பட்டது. சாதியைப் பார்க்காமல் மதத்தைப் பார்த்துத் தரப்படும் ஒதுக்கீடு தலித் கிறித்தவருக்கு உதவாது என்ற பாடம் அதில் இருக்கிறது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று மூன்றாம் பத்தியைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் அமைத்த நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு இரண்டாண்டுக் காலக்கெடு போதாமல் நீட்டிப்பு வழங்கப்பட்டது. என் நிலைப்பாடு இது: பட்டியல் விரிவடையும்போது மக்கள்தொகைக்கு ஏற்ப ஒதுக்கீட்டின் அளவும் விரிய வேண்டும், இரண்டும் ஒரே கோரிக்கையாக வைக்கப்பட வேண்டும். அளவை உயர்த்தாமல் சேர்ப்பது தலித்தைத் தலித்தோடு மோதவிடும் வேலை.

அதற்கு எண்ணிக்கை வேண்டும். இதுவரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இந்து, சீக்கியர், பௌத்தர் என்று மதத்தைச் சொன்னவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகப் பதிவுசெய்யப்பட்டனர். தலித் கிறித்தவர் என்ற மனிதர் அந்த ஏடுகளில் பிறக்கவே இல்லை. 2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் கணக்கிடப்படும் என்று அரசு அறிவித்துள்ளது. 'கிறித்தவர்' என்று மதத்தைச் சொல்பவர் தம் மூதாதையர் சாதியையும் சொன்னால்தான் நாளை எந்த நீதிமன்றத்திலும் எந்த ஆணையத்திலும் நமக்கு எண் இருக்கும். சான்றிதழுக்கு அஞ்சி 'இந்து' என்று சொல்பவர்கள் பெருகினால், தலித் கிறித்தவர் என்று பெரிதாக யாரும் இல்லை என்பதற்கு அரசுக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

ஆகவே இப்போது கிராமங்களில் நாங்கள் சட்ட விளக்கம் சொல்லிவருகிறோம். 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, கணக்கெடுப்பில் நீங்கள் அளிக்கும் விவரங்கள் மறைகாப்புக்கு உரியவை. வேறு எவரும் அவற்றைப் பார்வையிட முடியாது. அச்சட்டத்தின் கீழான வழக்குகள் தவிர வேறெந்த வழக்கிலும் சான்றாக ஏற்க முடியாது. வட்டாட்சியர் அதைக் கேட்டு வாங்கிச் சான்றிதழை மறுக்க இயலாது. கல்லூரி மாணவத் தோழர்கள் இந்த ஒரு செய்தியை மட்டும் தங்கள் தெருக்களுக்குக் கொண்டுசென்றாலே பெரிய பணியாக இருக்கும்.

மேல்முறையீட்டு விசாரணைக்காக வந்திருந்த அந்தத் தாயிடமும் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மகள் பிரிவு எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

“யாருக்கும் சொல்ல மாட்டாங்கன்னு சட்டத்துல இருக்கு, சரி. ஆனா கணக்கெழுத வர்றது நம்ம ஊரு இஸ்கூல் டீச்சரம்மாதானே வக்கீலம்மா?” என்றார். “மொட்டைக் கடுதாசி போட்டது அவங்க தெருவுலருந்துதான்.”